உருவாக்கக் கொள்கலன்களில் ரூட் அல்லாத பயனரும் பைத்தான் சார்புகளும்

உருவாக்கக் கொள்கலன் என்பது ஒரு மென்பொருளை எழுதவும் சோதிக்கவும் தேவையான மொழி, நூலகங்கள், கருவிகள் ஆகியவற்றை ஒரே அடைப்புக்குள் வைத்துத் தரும் கணினிச் சூழல் ஆகும். டாக்கர், பாட்மேன் முதலிய கருவிகள் இத்தகைய கொள்கலன்களை இயக்குகின்றன. கொள்கலனுக்குள் ஓடும் நிரல் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்பது தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி. டாக்கரில் தனியாக எதுவும் குறிப்பிடாவிட்டால் அந்தப் பயனர் 'ரூட்', அதாவது கணினியின் எல்லாக் கோப்புகளையும் திறக்கவும் மாற்றவும் அழிக்கவும் உரிமை பெற்ற பயனர். பைத்தான் மொழியின் அலுவல்முறைப் படிமமும் இப்படியே ரூட்டாகத்தான் தொடங்குகிறது. அதை மாற்றிச் சாதாரணப் பயனராக இயக்குவது எப்படி, ஏன் மாற்ற வேண்டும், அப்போது பைத்தான் நூலகங்களை நிறுவுவதில் வரும் சிக்கல்கள் எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ்நாட்டில் 2019-20 கல்வியாண்டில் வந்த 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்பிக்கிறது. பள்ளியில் மொழியின் இலக்கணத்தைக் கற்ற மாணவர் கல்லூரிக்கு வந்ததும் கொள்கலன், பொதி, மெய்நிகர் சூழல் என்ற சொற்களைச் சந்திக்கிறார். வீட்டில் உள்ள மடிக்கணினி பெரும்பாலும் ஒன்றுதான். மதிப்பெண் பட்டியலின் நகல், அக்காவின் திருமணப் படங்கள், அப்பாவின் வங்கி விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்தக் கணினியில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை எந்த உரிமையுடன் ஓட விடுவது என்பதே இங்கு எழும் கேள்வி.

பயனர் என்பது ஓர் எண்

லினக்ஸ் இயங்குதளத்தின் கருனிக்குப் பயனர்களின் பெயர் தெரியாது. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. அது பயனர் எண் அல்லது யூஐடி எனப்படும். ரூட்டின் எண் 0. உபுண்டு, டெபியன் போன்ற வழங்கல்களை நிறுவும்போது முதலில் உருவாக்கப்படும் சாதாரணப் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும், அடுத்தவருக்கு 1001. ஒரு கோப்பின் உரிமையாளர் யார் என்பதை வன்தட்டில் எழுதும்போது இந்த எண் மட்டுமே எழுதப்படுகிறது. பெயர் என்பது மனிதர்கள் படிப்பதற்காக வேறொரு கோப்பில் வைத்திருக்கும் அகராதி.

வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்தால் இது எளிதில் விளங்கும். அ பிரிவில் 12ஆம் எண் ஒரு மாணவி. ஆ பிரிவில் 12ஆம் எண் வேறொரு மாணவன். விடைத்தாளில் பெயரும் பிரிவும் எழுதாமல் 12 என்று மட்டும் எழுதி, இரண்டு பிரிவுத் தாள்களையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? கொள்கலனுக்கும் அதை இயக்கும் ஹோஸ்ட் கணினிக்கும் இடையே நடப்பது அதுதான். கொள்கலனுக்குத் தனிப் பெயர் அகராதி இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் கருனி ஒன்று. விடைத்தாளைத் திருத்துபவர் ஒருவர். கொள்கலனுக்குள் 1000 என்ற எண்ணுக்கு 'மாணவர்' என்று பெயர் இருக்கலாம், வெளியே அதே எண்ணுக்கு 'கவிதா' என்று பெயர் இருக்கலாம். கருனி இருவரையும் ஒருவராகவே கருதும். அதே முறையில், கொள்கலனுக்குள் இருக்கும் 0 வெளியிலும் 0 தான். டாக்கரின் இயல்பு அமைப்பில் உள்ளே இருக்கும் ரூட்டும் வெளியே இருக்கும் ரூட்டும் கருனியின் கண்ணுக்கு ஒரே ஆள்.

அப்படியானால் கொள்கலன் எதைத்தான் தடுக்கிறது? உள்ளே இருக்கும் நிரலின் பார்வையைச் சுருக்குகிறது. ரூட்டின் அதிகாரங்களில் பலவற்றைப் பிடுங்கியும் வைக்கிறது. இந்த உத்தி பழையது. யூனிக்ஸில் 'சிஎச்ரூட்' என்ற அழைப்பு 1979-லேயே இருந்தது. ஒரு நிரலுக்குக் குறிப்பிட்ட அடைவையே முழு உலகமாகக் காட்டுவது அதன் வேலை. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளம் 2000-இல் 'ஜெயில்' என்ற ஏற்பாட்டைத் தந்தது. லினக்ஸ் கருனியில் 2008-இல் 'சிகுரூப்' வந்தது. நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டுத் தருவதற்கானது அது. 2013 பிப்ரவரியில் வெளிவந்த கருனியின் 3.8 பதிப்பில் பயனர் பெயர்வெளி என்னும் வசதி முழுமை பெற்றது. அதற்கு அடுத்த மாதமே டாக்கரைச் சாலமன் ஹைக்ஸ் முதன்முதலில் பொதுமேடையில் செய்துகாட்டினார். அந்த மேடை பைகான் எனப்படும் பைத்தான் மாநாடு. டாக்கரும் பைத்தானும் முதல் நாளிலிருந்தே உறவுக்காரர்கள் எனலாம்.

சுவர் இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பவருக்கு எல்லாச் சாவிகளையும் கொடுக்கலாமா? 2019 பிப்ரவரி 11 அன்று ஒரு பதில் கிடைத்தது. டாக்கர் உள்ளிட்ட பல கருவிகளின் அடியில் கொள்கலனை உண்மையில் தொடங்கி வைக்கும் 'ரன்சி' என்ற நிரலில் ஓர் ஓட்டை இருப்பது அன்று அறிவிக்கப்பட்டது. கொள்கலனுக்குள் ரூட்டாக இருக்கும் தீய நிரல், ஹோஸ்ட் கணினியில் உள்ள ரன்சி கோப்பையே மாற்றி எழுதி, வெளிக்கணினியின் ரூட்டாகிவிட முடிந்தது. அந்தக் கோப்பில் எழுதும் உரிமை ரூட்டுக்கு மட்டுமே உண்டு. ஆகவே உள்ளே சாதாரணப் பயனராக ஓடிய கொள்கலன்களில் இந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. ஓட்டை பின்னர் அடைக்கப்பட்டது. ஆனால் மென்பொருளில் அடுத்த ஓட்டை எங்கே இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நிறுவுதல் என்பதும் ஓட்டுதலே

பைத்தானில் நூலகங்களை நிறுவப் பயன்படுவது 'பிப்'. இயான் பிக்கிங் 2008-இல் உருவாக்கியது. 'பிப் இன்ஸ்டால்' என்று எழுதிப் பொதியின் பெயரைத் தந்தால், பைபிஐ என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து அது இறங்கும். (கட்டளைகள் இங்கு ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன, கணினியில் ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.) ஒரு நிரல் தான் இயங்குவதற்கு நம்பியிருக்கும் பிற நூலகங்களைச் சார்புகள் என்பர். ஒரு பொதியைக் கேட்டால் அதன் சார்புகளும், அச்சார்புகளின் சார்புகளும் சேர்ந்தே வரும். ஒன்றைக் கேட்ட மாணவரின் கணினியில் இருபது பொதிகள் இறங்குவது வழக்கமான காட்சி.

பலர் நினைப்பதுபோல் நிறுவுதல் என்பது கோப்புகளை நகலெடுப்பது மட்டும் அன்று. பொதி 'வீல்' வடிவில் இருந்தால் ஏறக்குறைய நகலெடுப்புதான். மூல வடிவில் இருந்தால், அதனுள் இருக்கும் 'செட்டப்' என்ற பைத்தான் கோப்பு நிறுவும்போதே இயக்கப்படும். அந்தக் கோப்பில் பொதியை எழுதியவர் எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். நிறுவுபவர் ரூட்டாக இருந்தால் அந்த நிரலும் ரூட்டாக ஓடும்.

இதன் அளவை ஒரு மாணவரே அளந்து காட்டினார். ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் நிக்கோலாய் சாக்கர் என்பவர் 2016-இல் தம் இளநிலை ஆய்வேட்டுக்காக, புகழ்பெற்ற பொதிகளின் பெயர்களைச் சிறு எழுத்துப்பிழையுடன் பைபிஐ உள்ளிட்ட மூன்று களஞ்சியங்களில் ஏற்றிவைத்தார். அவை தீங்கு எதுவும் செய்யவில்லை. நிறுவப்பட்டதும் தமக்குச் செய்தி அனுப்பின, அவ்வளவே. 17,000-க்கும் மேற்பட்ட கணினிகளிலிருந்து செய்தி வந்தது. அவற்றுள் 43.6 சதவீதம் நிர்வாகி உரிமையுடன் அந்த நிரலை இயக்கியிருந்தன. ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டியதற்காகக் கணினியின் முழுச் சாவிக்கொத்தையும் முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்தவர்கள் அவர்கள். சாக்கர் நல்லவராக இருந்தது அவர்களின் நல்வாய்ப்பு.

எல்லோரும் அப்படி இல்லை. 2017-இல் ஸ்லோவாக்கியா நாட்டின் பாதுகாப்பு அமைப்பு, பைபிஐயில் போலிப் பெயர்களுடன் இருந்த பொதிகளைக் கண்டறிந்து அறிவித்தது. 2022 மே மாதம், 'சிடிஎக்ஸ்' என்ற பொதியின் ஆசிரியருடைய காலாவதியான மின்னஞ்சல் களப்பெயரை வேறொருவர் வாங்கி, கணக்கைக் கைப்பற்றி, கணினியின் சூழல் மாறிகளைத் திருடும் பதிப்பை ஏற்றினார். அதே ஆண்டு டிசம்பர் 25 முதல் 30 வரை பைடார்ச்சின் அன்றாடச் சோதனைப் பதிப்பை நிறுவியவர்களுக்கு, அதன் சார்புகளில் ஒன்றின் பெயரில் பைபிஐயில் வைக்கப்பட்ட போலிப் பொதி இறங்கியது. இக்கடைசி நிகழ்வில் நிறுவியவர்கள் எழுத்துப்பிழை எதையும் செய்யவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பிப் கருவியை எழுதுவோரும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2021-இல் வெளிவந்த 21.1 பதிப்பு முதல், ரூட்டாக இயக்கினால் பிப் ஓர் எச்சரிக்கையைக் காட்டுகிறது. கொள்கலனில் வேலை செய்பவர்கள் அந்த மஞ்சள் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் பழகி, படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அதை அணைப்பதற்கென்றே ஒரு தெரிவும் பின்னர் வந்தது; கேட்டவர்கள் அவ்வளவு பேர்.

ஒரு தமிழ்ப் பொதியை வைத்து

ஓப்பன்-தமிழ் என்பது தமிழ் உரையைக் கையாளும் திறந்த மூலப் பைத்தான் நூலகம். பைத்தானைக் கொண்டு 'எழில்' என்னும் தமிழ் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் அதை எழுதினர். அதன் பயன் ஓர் எளிய சோதனையில் தெரியும். திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. அவ்வூர் மாணவி ஒருவர் தம் ஊர்ப்பெயரின் இரண்டாம் சொல்லான 'அண்ணாமலை'யில் எத்தனை எழுத்துகள் என்று பைத்தானிடம் கேட்பதாகக் கொள்வோம். பைத்தானின் 'லென்' செயற்கூறு 8 என்று சொல்லும். புள்ளியையும் காலையும் ஐகாரக் கொம்பையும் அது தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. ஓப்பன்-தமிழின் எழுத்துப் பிரிப்பான் அ, ண், ணா, ம, லை என்று பிரித்து 5 என்று சரியாகச் சொல்லும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததைக் கணினிக்குச் சொல்லித்தர ஒரு நூலகம் தேவைப்படுகிறது.

இந்த நூலகத்தை நிறுவும் பெயர் 'ஓப்பன்-தமிழ்'. நிரலுக்குள் இறக்குமதி செய்யும் பெயர் 'தமிழ்' மட்டும். நிறுவும் பெயரும் இறக்குமதிப் பெயரும் வேறுபடும் பொதிகள் பைத்தானில் நிறைய. பிறர் நிரலில் இறக்குமதிப் பெயரைப் பார்த்துவிட்டு அதையே பிப்பிடம் கொடுத்தால், தொடர்பே இல்லாத வேறொரு பொதி இறங்கக்கூடும். மேலே சொன்ன ஆபத்துகள் நுழையும் வழிகளில் இதுவும் ஒன்று.

மாணவி இதை ஒரு கொள்கலனில் அமைக்க வேண்டும். படிமத்தைக் கட்டுவதற்கான குறிப்புகள் 'டாக்கர்ஃபைல்' என்ற கோப்பில் எழுதப்படும். அதில் வரிசை முக்கியம். முதலில் பைத்தானின் அலுவல்முறைப் படிமத்தை அடித்தளமாகக் குறிப்பிட வேண்டும். இந்த நிலையில் ரூட்டாகவே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஏனெனில் கிட் போன்ற இயங்குதளப் பொதிகளை 'ஆப்ட்' கருவியால் நிறுவ ரூட் உரிமை தேவை. அதே நிலையில் 'யூசர்ஆட்' கட்டளையால் 1000 என்ற எண்ணுடன், வீட்டு அடைவும் சேர்த்து, 'மாணவர்' போன்ற ஒரு பயனரை உருவாக்க வேண்டும் (பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் வைப்பது நல்லது). பிறகு 'யூசர்' என்ற வரியால் அந்தப் பயனருக்கு மாற வேண்டும். அந்த வரிக்குக் கீழே வரும் எல்லாமே, கொள்கலன் பின்னர் இயங்குவதும் உட்பட, ரூட் அல்லாத பயனராக நடக்கும். பிப் அந்த வரிக்குக் கீழேதான் வர வேண்டும். பலர் எல்லாவற்றையும் ரூட்டாக நிறுவி முடித்துவிட்டுக் கடைசி வரியில் மட்டும் பயனரை மாற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் மூலப் பொதிகளின் செட்டப் கோப்புகள் ஏற்கனவே ரூட்டாக ஓடி முடிந்திருக்கும். தவிர, வேலை நடுவே இன்னொரு நூலகம் தேவைப்பட்டால் மாணவியால் அதைச் சேர்க்கவும் முடியாது.

பயனரை மாற்றியவுடன் 'பிப் இன்ஸ்டால்' என்று தட்டினால் ஒரு புதுக் குழப்பம் வரும். பைத்தானின் பொது நூலக அடைவு ரூட்டுக்குச் சொந்தமானது. மாணவியால் அங்கே எழுத முடியாது. 2020-இல் வந்த பிப் 20.0 முதல், இத்தகைய நிலையில் அது பிழை காட்டாமல் பயனரின் வீட்டு அடைவில் உள்ள '.லோக்கல்' என்ற மறைவு அடைவில் நிறுவிவிடும். நூலகம் வேலை செய்யும். ஆனால் பைடெஸ்ட் போன்ற, கட்டளையாக இயங்கும் கருவிகள் 'கட்டளை இல்லை' என்று சொல்லும். அவை வைக்கப்பட்ட இடம் 'பாத்' என்னும் தேடுபாதையில் இல்லை.

இதற்குச் சுத்தமான வழி மெய்நிகர் சூழல். 2012-இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் மொழியுடனேயே வரும் 'வென்வ்' கூறு, ஒரு திட்டத்துக்கெனத் தனி நூலக அடைவை உருவாக்கித் தரும். கொள்கலனே ஒரு தனிச் சூழல், அதற்குள் இன்னொரு சூழல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ரூட் அல்லாத பயனருக்கு அது எழுதும் உரிமையுள்ள ஓர் இடத்தைத் தருகிறது. இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாமல் காக்கிறது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12, இயங்குதளத்துடன் வரும் பைத்தானுக்குள் பிப் நேரடியாக நிறுவுவதையே மறுக்கிறது. மறுப்பை மீறும் தெரிவின் பெயருக்கு 'இயங்குதளப் பொதிகளை உடை' என்று பொருள். அப்படிப் பெயர் வைத்த பிறகும் இணையத்தில் அதைத் தீர்வாகப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மெய்நிகர் சூழலைத் திட்டத்தின் அடைவுக்குள் வைக்காமல் மாணவரின் வீட்டு அடைவில் வைப்பது நல்லது. திட்ட அடைவு ஹோஸ்ட் கணினியிலிருந்து இணைக்கப்படுவது. அங்கே ஏற்கனவே ஒரு மெய்நிகர் சூழல் இருந்தால், அதற்குள் இருக்கும் பைத்தான் இணைப்பு ஹோஸ்ட் கணினியின் பாதையைச் சுட்டும். கொள்கலனுக்குள் அந்தப் பாதை இருக்காது. மெய்நிகர் சூழல் இடம் மாற்றிப் பயன்படுத்தத் தக்கது அன்று. சூழலை உருவாக்கிய பின் அதன் நிரல் அடைவைத் தேடுபாதையின் முன்னால் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு முறையும் சூழலைச் செயல்படுத்த வேண்டியதில்லை.

சார்புப் பட்டியல் கோப்பில் பதிப்பு எண்ணைக் குறிப்பது பழக்கமாக வேண்டும். இன்னும் ஒரு படி மேலே, ஒவ்வொரு பொதியின் ஹாஷ் எனப்படும் கைரேகையையும் எழுதிவைத்து, பொருந்தாவிட்டால் நிறுவ மறுக்குமாறு பிப்பிடம் சொல்லலாம். இந்தப் பட்டியலைக் கையால் எழுதத் தேவையில்லை. பிப்-டூல்ஸ், போயட்ரி, 2024-இல் வந்த யூவி ஆகியவை தாமே உருவாக்கும். வீல் வடிவப் பொதிகளை மட்டும் ஏற்கும் தெரிவும் பிப்பில் உண்டு. அதை இட்டால் நிறுவும்போது அன்னிய நிரல் ஓடுவது தடுக்கப்படும். இறக்குமதி செய்யும்போது ஓடுவதைத் தடுக்க முடியாது.

கோப்புகள் யாருடையவை

ரூட்டாக இயங்கும் கொள்கலனில் பாதுகாப்புக்கு முன்பே கையைக் கடிப்பது கோப்புரிமை. மாணவி தம் திட்ட அடைவை இணைத்து, கொள்கலனுக்குள் ரூட்டாக நிரலை ஓட்டுகிறார். பைத்தான் தான் தொகுத்த கோப்புகளைப் 'பைகேஷ்' என்ற அடைவில் சேமிக்கிறது. அந்த அடைவு இப்போது ஹோஸ்ட் கணினியிலும் 0 என்ற எண்ணுக்குச் சொந்தம். மறுநாள் திட்டத்தை அழிக்கவோ நகர்த்தவோ முயன்றால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வரும். நிரல் எழுதிய முடிவுக் கோப்பைத் திருத்த முடியாது. கல்லூரி ஆய்வகத்துக் கணினியில் மாணவருக்கு ரூட் கடவுச்சொல் இருக்காது. தம் சொந்தக் கோப்பை அழிக்க ஆய்வக உதவியாளரைத் தேடிப் போக வேண்டும். ஒப்படைக்கும் நாளன்று இது நேர்ந்தால் வேடிக்கையாக இருக்காது.

கிட் கருவியும் இதில் சேர்ந்துகொள்ளும். 2022 ஏப்ரலில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, களஞ்சிய அடைவு வேறொரு பயனருக்குச் சொந்தமாக இருந்தால், உரிமை ஐயத்துக்குரியது என்று சொல்லிக் கிட் வேலை செய்ய மறுக்கிறது.

உள்ளே இருக்கும் பயனர் எண்ணும் வெளியே இருக்கும் எண்ணும் ஒன்றானால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சொந்த மடிக்கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவரின் எண் பெரும்பாலும் 1000. படிமத்தில் உருவாக்கிய எண்ணும் 1000. எல்லாம் தானாகப் பொருந்தும். பொருந்துவது தற்செயல் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பல மாணவர்களுக்குக் கணக்கு உள்ள ஆய்வகக் கணினியில் ஒருவரின் எண் 1017 ஆக இருக்கும்போதுதான் தெரியும். விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் டெஸ்க்டாப் இந்த வேறுபாட்டை இடையில் நின்று மறைத்துவிடுகிறது. ஆகவே விண்டோஸில் எழுதிய ஆசிரியரின் அமைப்பு லினக்ஸில் மாணவருக்கு வேலை செய்யாமல் போகலாம். யார் மீதும் தவறில்லை.

விஷுவல் ஸ்டூடியோ கோட் திருத்தி 2019 முதல் கொள்கலனுக்குள் வேலை செய்யும் வசதியைத் தருகிறது. 'டெவ்கன்டெய்னர்' என்ற அமைப்புக் கோப்பில் 'ரிமோட்யூசர்' என்ற இடத்தில் பயனர் பெயரைக் குறிப்பிட்டால், லினக்ஸ் கணினிகளில் அந்தப் பயனரின் எண்ணை ஹோஸ்ட் பயனரின் எண்ணாக அதுவே மாற்றியமைக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணை மாற்றும்போது பயனரின் வீட்டு அடைவின் உரிமை மட்டுமே கூடவே மாற்றப்படும். மெய்நிகர் சூழலைப் பொது அடைவு ஒன்றில் வைத்திருந்தால் அது பழைய எண்ணுக்கே சொந்தமாக நின்றுவிடும். பிப் எழுத மறுக்கும். வீட்டு அடைவில் வைக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

உபுண்டுவை அடித்தளமாகக் கொள்பவர்கள் மற்றொன்றை அறிய வேண்டும். 23.04 பதிப்பு முதல் உபுண்டுவின் கொள்கலன் படிமத்தில் 'உபுண்டு' என்ற பயனர் 1000 என்ற எண்ணுடன் முன்பே இருக்கிறார். 22.04-இல் நன்றாக ஓடிய டாக்கர்ஃபைல், 24.04-க்கு மாற்றியவுடன் 'அந்த எண் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது' என்று நிற்பதற்குக் காரணம் இதுவே. இருக்கும் பயனரையே பயன்படுத்தலாம். அல்லது அவரை நீக்கிவிட்டுப் புதியவரை உருவாக்கலாம்.

வேறு சிலர் படிமத்தில் பயனரை உருவாக்காமல், இயக்கும்போது எண்ணை மட்டும் தருவார்கள். அது இயங்கும். ஆனால் பெயர் அகராதியில் இல்லாத எண்ணுக்கு வீட்டு அடைவு கிடையாது. டாக்கர் அதன் வீட்டை மூல அடைவு என்று வைத்துவிடும். அங்கே எழுத உரிமை இல்லாததால் பிப் தடுமாறும்.

கோப்புரிமையைச் சரிசெய்ய இறுதியில் 'சிஎச்ஓன்' கட்டளையால் முழு அடைவின் உரிமையையும் மாற்றுவது பரவலான பழக்கம். படிமம் அடுக்கு அடுக்காகக் கட்டப்படுவது. உரிமை மாறிய ஒவ்வொரு கோப்பும் புதிய அடுக்கில் மீண்டும் முழுதாக எழுதப்படும். 500 மெகாபைட் நூலகங்கள் இருந்தால் படிமம் இன்னொரு 500 மெகாபைட் பெருக்கும். கைப்பேசி இணைப்பைப் பகிர்ந்து படிமத்தை இறக்கும் மாணவருக்கு இது காசு. நகலெடுக்கும் வரியிலேயே உரிமையாளரைக் குறிப்பிட்டுவிட்டால் அடுக்கு இரட்டிக்காது. அப்படிக் குறிப்பிடாவிட்டால், 'யூசர்' வரிக்குக் கீழே எழுதினாலும் நகலெடுத்த கோப்புகள் ரூட்டுக்கே சொந்தமாகும். இது பலரை ஏமாற்றும் இடம்.

பிப் இறக்கிய கோப்புகளை அடுத்த முறைக்குச் சேமிக்கும் அடைவை ஒரு வால்யூமில் வைப்பதும் இணையச் செலவைக் குறைக்கும். வெற்று வால்யூமை இணைக்கும்போது டாக்கர் படிமத்தில் அந்த இடத்தில் உள்ள அடைவின் உரிமையை நகலெடுத்துக்கொள்ளும். அடைவே இல்லாவிட்டால் ரூட்டுக்குச் சொந்தமாக உருவாக்கும். பிப் சேமிப்பை அணைத்துவிட்டதாக எச்சரித்து, ஒவ்வொரு முறையும் மீண்டும் இறக்கும். படிமத்தைக் கட்டும்போதே, பயனரை மாற்றிய பின், அந்த அடைவை உருவாக்கி வைத்தால் போதும்.

எது வரை காக்கும்

உருவாக்கக் கொள்கலன்களில் பயனருக்குக் கடவுச்சொல் இல்லாமல் 'சுடோ' உரிமை தருவது பொது வழக்கம். சுடோ என்பது ஒரு கட்டளையை மட்டும் ரூட்டாக இயக்கும் கருவி. கடவுச்சொல்லே இல்லையென்றால் தீய நிரலும் சுடோவைச் சொல்லி ரூட்டாகிவிடலாம் அல்லவா? ஆகலாம். அத்தகைய அமைப்பு கைத்தவறுகளிலிருந்தும் கோப்புரிமைக் குழப்பத்திலிருந்தும் காக்கும். திட்டமிட்ட தாக்குதலிலிருந்து காக்காது. ஆப்ட் வேலைகளை எல்லாம் டாக்கர்ஃபைலிலேயே முடித்துவிட்டு, சுடோவை நிறுவாமல் விடுவதே மேல். கூடவே, இயங்கும் நிரல் புதிய உரிமைகளைப் பெறுவதைத் தடுக்கும் தெரிவையும் டாக்கரில் இடலாம்.

ரூட் இல்லை என்பதால் திருட்டும் இல்லை என்று ஆகாது. கொள்கலனின் சாதாரணப் பயனருக்குத் திட்டக் கோப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் முடியும். சூழல் மாறிகளில் வைத்த கடவுச்சொற்களையும் காண முடியும். சிடிஎக்ஸ் பொதி திருடியது அவற்றைத்தான். அதற்கு ரூட் உரிமை தேவைப்படவில்லை. விஷுவல் ஸ்டூடியோ கோட் வசதிக்காகக் கிட் கணக்கின் சான்றுகளையும் கொள்கலனுக்குள் பகிர்கிறது. வீட்டு அடைவு முழுவதையும் கொள்கலனுடன் இணைப்பவர், பூட்டிய அறைக்குள் பீரோவையும் சேர்த்து வைக்கிறார். திட்ட அடைவை மட்டும் இணைத்தால் குடும்பத்தின் பிற கோப்புகள் அந்த நிரலின் கண்ணில் படாது.

டாக்கரை இயக்கும் ஹோஸ்ட் பயனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லினக்ஸில் சுடோ இல்லாமல் டாக்கரைப் பயன்படுத்த, பயனரை 'டாக்கர்' குழுவில் சேர்க்குமாறு வழிகாட்டிகள் சொல்லும். அந்தக் குழுவில் இருப்பவர் கணினியின் மூல அடைவையே ஒரு கொள்கலனில் இணைத்து, ரூட்டாக நுழைந்து, எதையும் மாற்றலாம். குழுவில் சேர்ப்பது ரூட் உரிமை கொடுப்பதற்குச் சமம். டாக்கரின் ஆவணமே இதை எச்சரிக்கிறது. பலர் பகிரும் ஆய்வகக் கணினியில் எல்லா மாணவரையும் அக்குழுவில் சேர்ப்பது பொருத்தமன்று.

அங்கே பொருந்துவது ரூட் இல்லாத டாக்கர், அல்லது தொடக்கத்திலிருந்தே அவ்வழியில் சென்ற பாட்மேன். டாக்கரில் இவ்வசதி 2019-இல் சோதனையாக வந்து, 2020 டிசம்பரில் வெளியான 20.10 பதிப்பில் நிலைபெற்றது. இதில் முன்னர் குறிப்பிட்ட பயனர் பெயர்வெளி வேலை செய்கிறது. ஒவ்வொரு பயனருக்கும் வழக்கமாக 65,536 துணை எண்கள் ஒதுக்கப்படுகின்றன. கொள்கலனுக்குள் 0 என்று தெரிபவர் வெளியே அந்த மாணவரின் சொந்த எண்ணாகவே கருதப்படுவார். உள்ளே 1 முதல் வருபவர்கள் துணை எண்களுக்கு மாற்றப்படுவர். இம்முறையில் கோப்புரிமைக் கணக்கு தலைகீழாகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உள்ளே ரூட்டாக எழுதிய கோப்பு வெளியே மாணவருக்குச் சொந்தமாகும். உள்ளே 1000 என்ற பயனர் எழுதிய கோப்புதான் வெளியே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெரிய எண்ணுடன் நிற்கும். பாட்மேனில் 'கீப்-ஐடி' என்ற தெரிவை இட்டால் உள்ளேயும் வெளியேயும் ஒரே எண் இருக்கும்.